சாஃப்ட்பால் பிட்சராகும் மகளுக்குத் தோள் வலி வராமல் காக்க: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கான வழிமுறைகள்

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் பெண் குழந்தைகள் சாஃப்ட்பால் ஆடுவது இப்போது அரிதல்ல. ஆனால் மகள் பிட்சராக, அதாவது பந்து வீசுபவளாக, தேர்வானால், பெற்றோருக்கு வரும் பொறுப்பு மற்றப் பெற்றோருக்கு வருவதைவிட அதிகம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒருவரே தொடர்ந்து இரண்டு ஓவர் வீச முடியாது என்பது பழகிப்போன விதி. சாஃப்ட்பாலில் அப்படித் தடை ஏதும் இல்லாததால், நன்றாக வீசும் ஒரே பெண் ஆட்டம் முழுவதையும், சில வேளைகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்களையும்கூட வீசி முடித்துவிடுகிறாள்.

என் மகள் பன்னிரண்டு வயதுப் பிரிவில் ஆடியபோது அவளுக்கு முன்தோளில் வலி வந்தது. குழந்தை மருத்துவர், எலும்பு மருத்துவர், ஃபிசியோதெரபி, காப்பீட்டு நிறுவனம் என்று அலைந்து தெரிந்துகொண்டவற்றை, புதிதாக வருபவர்கள் அலையாமல் இருக்க, செய்ய வேண்டிய வரிசையிலேயே தருகிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்; அவரிடம் போவதற்கு முன்னும் பின்னும் பெற்றோர் செய்ய வேண்டியவை மட்டுமே இங்கே உள்ளன.

1. “கீழ்க்கை வீச்சு தோளைப் பாதிக்காது” என்ற பேச்சை நம்பாதீர்கள்

மைதானத்தில் நீங்கள் முதலில் கேட்கப்போகும் பேச்சு இதுதான். விண்ட்மில் வீச்சில் கை முழு வட்டம் சுற்றி இடுப்பருகே பந்தை விடுகிறது. அந்த நொடியில் மேற்கை எலும்பைத் தோள் மூட்டிலிருந்து வெளியே இழுக்கும் விசை, வீசுபவரின் உடல் எடையை நெருங்குவதாக உடலியக்க ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்குவதில் பெரும்பங்கு பைசெப்ஸ் தசைக்கும் அதன் நாணுக்கும் உரியது என்பதால்தான், இந்தப் பெண்களுக்கு வலி பெரும்பாலும் தோளின் முன்பக்கத்தில் தொடங்குகிறது. முன்கை, கீழ்முதுகு, முழங்கால் ஆகியவை அடுத்து வரும். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத வயதில் இந்தச் சுமை ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஏறுவதே மிகைப்பயன்பாட்டுக் காயத்துக்குக் காரணம். ஒரு நாள் தவறான அசைவால் வருவது அல்ல.

பேஸ்பாலில் நிலைமை வேறு. சிறுவர் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் பிட்சர்களுக்குப் பந்து எண்ணிக்கை வரம்பைக் கொண்டுவந்தது. உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலிலும் 2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் அத்தகைய வரம்பை வைத்திருக்க வேண்டும். சாஃப்ட்பாலுக்கு நாடு தழுவிய அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆகவே எண்ணும் வேலை உங்களுடையது.

2. பதிவுக்கு முன் ஆண்டு நாட்காட்டியை எழுதுங்கள்

ரெக் லீக் (யாரும் சேரக்கூடிய உள்ளூர்ப் போட்டி) வசந்த காலத்தில் தொடங்கி ஜூன் வரை ஓடும். அதன்பின் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஆடும் ஆல்-ஸ்டார்ஸ், கோடையின் இறுதியில் டிராவல் பால் அணிகளின் (வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் அணிகள்) தேர்வு, இலையுதிர்காலத்தில் ஃபால் பால் என்னும் சீசன், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பிட்சிங் வகுப்பு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மிகையாகத் தோன்றாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதும்போதுதான் ஓய்வு என்று ஒரு மாதம்கூட இல்லை என்பது தெரியும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, எந்த விளையாட்டானாலும் வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் இரண்டு மூன்று மாதமும் அதிலிருந்து விலகியிருக்கப் பரிந்துரைக்கிறது. அந்த மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோடையில் ஊருக்குப் போகும் ஐந்தாறு வாரங்கள் தாமாகவே வீச்சு ஓய்வாகிவிடுகின்றன. ஆனால் அதிலேயே பொறியும் இருக்கிறது: ஆகஸ்டில் திரும்பி வந்த வாரமே டிராவல் அணித் தேர்வில் முழு வேகத்தில் வீசினால், ஓய்வில் தளர்ந்திருக்கும் தசைகள் அந்தச் சுமையை ஏற்கத் தயாராக இருக்காது. எனவே விமானச் சீட்டு எடுக்கும்போதே தேர்வு நாளையும் பாருங்கள். தேர்வுக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாகத் திரும்ப முடியாவிட்டால், பின்தேதியில் தனியாகத் தேர்வு வைக்க முடியுமா என்று கோச்சிடம் முன்கூட்டியே கேளுங்கள். பல அணிகள் ஒத்துக்கொள்ளும்.

நாட்காட்டியில் பரதநாட்டிய வகுப்பையும் எழுதுங்கள். அரைமண்டியில் மணிக்கணக்கில் நிற்பதும் தட்டி ஆடுவதும் முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் சுமைதான். பிட்சரின் முன்னங்கால் ஒவ்வொரு வீச்சிலும் தரையில் ஊன்றி நிறுத்துவதும் அதே மூட்டுகளைத்தான் தாக்குகிறது. அரங்கேற்றப் பயிற்சி நடக்கும் ஆண்டில் டிராவல் பால் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரெக் லீக் போதும்.

3. ஆவணங்களைச் சீசனுக்கு ஒரு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

பிறப்புச் சான்றிதழ் முதலில் தேவைப்படும், ஏனெனில் வயதுப் பிரிவுதான் பந்தின் அளவையும் வீச்சுத் தொலைவையும் முடிவு செய்கிறது. பத்து வயதுப் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை 35 அடியிலிருந்து வீசுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் 12 அங்குலப் பந்து, 40 அடி. பதினான்கில் 43 அடி. “உங்கள் பெண் திறமைசாலி, மேல் பிரிவில் ஆடட்டும்” என்று ஒரு கோச் சொன்னால், பெரிய பந்தையும் கூடுதல் தொலைவையும் சிறிய தோளில் ஏற்றுகிறோம் என்பதே அதன் பொருள். பாராட்டில் மயங்கிச் சம்மதித்துவிடாதீர்கள். வயதைக் கணக்கிடும் தேதி அமைப்புக்கு அமைப்பு மாறுவதால், சேரும் லீக்கின் விதியையே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் பெயர் சேர்க்கப்படாமல் இருந்தால், பாஸ்போர்ட்டை ஏற்பார்களா என்று லீக் பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது விளையாட்டுக்கான உடற்பரிசோதனைப் படிவம். ஆண்டுக்கொரு முறை குழந்தை மருத்துவரிடம் செய்யும் வழக்கமான பரிசோதனைக்குப் பெரும்பாலான காப்பீடுகளில் கட்டணம் இல்லை. அந்த நாளிலேயே படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டால் தனிச் செலவு மிச்சம். கடைசி நேரத்தில் அர்ஜென்ட் கேர் மையத்துக்கு ஓடினால் கைக்காசுதான் போகும். அந்தப் பரிசோதனையின்போது, “என் மகள் பிட்சர், தோளையும் முதுகையும் சேர்த்துப் பாருங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பொதுவான பரிசோதனையோடு முடிந்துவிடும். இரும்புச் சத்து, வைட்டமின் டி அளவுகளைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால் பிடிக்காத சைவக் குழந்தைக்கு அது எளிதில் நிறைவதில்லை, குறைந்தால் எலும்பு தாங்கும் திறனும் குறையும்.

மருத்துவ அனுமதிப் படிவம் (நீங்கள் அருகில் இல்லாதபோது சிகிச்சைக்குச் சம்மதம் தருவது), காப்பீட்டு அட்டையின் இருபக்க நகல், இனிச் சொல்லப்போகும் பந்துக் கணக்கு ஏடு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, பந்துப் பையிலேயே போட்டுவிடுங்கள்.

4. ஒவ்வொரு பந்தையும் எண்ணுங்கள்

அமெரிக்க விளையாட்டு மருத்துவ எலும்பியல் சங்கத்தின் காயத் தடுப்புத் திட்டம் சாஃப்ட்பால் பிட்சர்களுக்கென்றே ஒரு வரம்பு அட்டவணை தந்திருக்கிறது. 8 முதல் 10 வயது வரை ஓர் ஆட்டத்தில் 50 பந்துகள். அடுத்தடுத்து ஆடும் முதல் இரண்டு நாள்களில் நாளுக்கு 80. மூன்றாம் நாள் வீசவே கூடாது. 10 முதல் 12 வயது வரை ஆட்டத்துக்கு 65, நாளுக்கு 95, மூன்றாம் நாள் பூஜ்யம். 13, 14 வயதில் ஆட்டத்துக்கு 80, நாளுக்கு 115, மூன்றாம் நாள் 80. 15 வயதுக்கு மேல் 100, 140, 100. பத்து வயதுக்காரி இரண்டு வரிசையிலும் வருவதால் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்குப் பத்து டாலருக்குள் கிடைக்கும் கைக் கிளிக்கர் போதும். அணி கேம்சேஞ்சர் செயலியில் ஸ்கோர் பதிவு செய்தால் அதிலும் பந்து எண்ணிக்கை வரும். ஆனால் செயலி ஆட்டத்துக்குள் வீசிய பந்துகளை மட்டுமே அறியும். ஆட்டத்துக்கு முன் ஓரத்தில், பந்தைப் பிடிக்கும் கேட்சரோடு வீசும் வார்ம்-அப் பந்துகள், ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்திலும் அனுமதிக்கப்படும் ஐந்து பந்துகள், வியாழன் மாலை அப்பாவோடு கொல்லைப்புறத்தில் வீசியவை, வெள்ளிக்கிழமைத் தனி வகுப்பில் வீசியவை எதுவும் அதில் ஏறாது. ஐந்து இன்னிங்ஸ் ஆட்டத்தில் இடைவேளைப் பந்துகள் மட்டுமே 25 ஆகின்றன. ஆகவே ஏட்டில் தேதி, ஆட்டப் பந்துகள், ஆட்டத்துக்கு வெளியே வீசியவை, வலி உண்டா என்று நான்கு பத்தி போடுங்கள். கடைசிப் பத்தியை மகளே நிரப்பட்டும்: பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண். நாம் கேட்டால் “ஒன்றுமில்லை” என்று சொல்லும் குழந்தை, தானே எழுதும்போது மூன்று என்று எழுதுவாள்.

ஒரு வார இறுதியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுப் பெண் வெள்ளி மாலை அரை மணி நேர வகுப்பில் 70 பந்து வீசுகிறாள். சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் 58, இரண்டாவதில் 35, ஆக 93. செயலியைப் பார்த்தால் எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது. ஞாயிறு இரண்டாம் நாள்தான், இன்னும் 95 வீசலாம் என்று கோச் நினைப்பார். வெள்ளியைச் சேர்த்து எண்ணினால் ஞாயிறு மூன்றாம் நாள். அவள் வீசவே கூடாத நாள். டிராவல் பால் டோர்னமென்ட்டுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் வெளியேற்றச் சுற்று நடக்கும் என்பதையும், தோற்றவர் பிரிவு வழியாக ஏறி வரும் அணி அன்று நான்கு ஆட்டம்கூட ஆட நேரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்பை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றுவது இதற்கு எளிய தீர்வு. காசும் கூடுதலாக ஆகாது. அட்டவணையின் எண்கள் ஆட்டத்தை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டவை என்றாலும், முழு வேகத்தில் வீசிய வகுப்புப் பந்துகளையும் நாள் கணக்கில் சேர்ப்பதே எங்கள் வீட்டு வழக்கம்.

இரண்டு அணிகளில் ஒரே நேரத்தில் ஆடினால், ஒரு கோச்சின் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டிலும் பிட்சராக இருக்க வேண்டாம். ஓர் அணியில் முதல் பேஸில் நிற்கட்டும். ஷார்ட்ஸ்டாப்பிலோ கேட்சர் இடத்திலோ நின்றால் மேல்கை வீச்சு கூடிவிடும். அதுவும் அதே தோளில்தான் ஏறும்.

5. அணியில் சேரச் சம்மதிக்கும் முன் கோச்சிடம் பேசுங்கள்

டிராவல் அணி இடம் கொடுத்ததும் ஓரிரு நாளில் முன்பணம் கட்டச் சொல்வார்கள், கட்டிய பணம் பொதுவாகத் திரும்ப வராது. எனவே பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை: அணியில் எத்தனை பிட்சர்கள் இருப்பார்கள்? பந்து எண்ணிக்கையை யார் வைத்திருப்பார்கள்? வரம்பு வந்ததும் ஆட்டத்தின் நடுவிலும் மாற்றுவீர்களா? வலி என்று சொன்னால் அந்த வார இறுதிக்கு என்ன செய்வீர்கள்? மூன்று பிட்சர்களுக்குக் குறைவான டிராவல் அணியில் மகளைச் சேர்க்க நான் தயங்குவேன். பேசி முடித்தபின், ஒத்துக்கொண்ட வரம்பை இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். இறுதி ஆட்டத்தின் பரபரப்பில் வாய்ப்பேச்சு யாருக்கும் நினைவிருக்காது.

தனிப் பிட்சிங் வகுப்புக்கு அரை மணி நேரத்துக்கு 40 முதல் 80 டாலர் வரை கேட்பது வழக்கம். ஊரைப் பொறுத்து மாறும். நல்ல பயிற்றுநர் முதலில் கால், இடுப்பு, உடலின் நடுப்பகுதி ஆகியவற்றிலிருந்து வேகம் எடுக்கக் கற்றுத்தருவார். அவை சோர்ந்தால்தான் கை தனியாக உழைக்கத் தொடங்குகிறது. ஃபாஸ்ட்பாலும் (வேகப் பந்து) சேஞ்சப்பும் (வேகம் குறைத்த பந்து) கைவராத குழந்தைக்கு ஸ்க்ரூபால், ரைஸ்பால் போன்ற கடினமான வீச்சுகளைக் கற்றுத்தர அவசரப்படுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

6. போட்டி நாளில்

வட்டம் சுற்றி வீசுவதை வார்ம்-அப்பாக வைக்கக் கூடாது. முதலில் ஓட்டம், பிறகு அசைவோடு கூடிய நீட்சிகள், பிறகு குறைந்த தொலைவில் மெதுவான வீச்சு, கடைசியில்தான் முழு வீச்சு. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் திரும்ப முழு வார்ம்-அப் வேண்டாம். பத்துப் பதினைந்து பந்து போதும். சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதம், வாழைப்பழம், உப்புக்கடலை போன்றவை இருந்தால் நன்று. அரைவயிற்றோடு இரண்டாம் ஆட்டம் வீசினால் கால் சோர்ந்து, வேலை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

சோர்வின் அடையாளங்கள் வலிக்கு முன்பே தெரியும். பந்து தொடர்ந்து மேலே போகும், வேகம் குறையும், ஒவ்வொரு பந்துக்கும் இடையே தோளைச் சுழற்றிக்கொள்வாள், முன்னங்காலை எட்டி வைக்கும் தூரம் குறையும். இவற்றில் இரண்டைச் சேர்த்துக் கண்டால் எண் வரம்புக்குள் இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள்.

7. வலி வந்தால் முதல் இரண்டு வாரம்

வீசி முடித்தபின் வரும் பொதுவான தசை அசதி ஓரிரு நாளில் போய்விடும். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும் வலி, வீசும்போதே வரும் வலி, மறுவாரமும் திரும்பும் வலி ஆகியவை அப்படியல்ல. அன்றே வீச்சை நிறுத்துங்கள். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரமரப்பு, பின்னால் வளைந்தால் கீழ்முதுகில் குத்தல், வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்ற வலிகள் வீசாமல் இருந்தும் பத்துப் பதினைந்து நாளில் தீராவிட்டால் அப்போதும் போக வேண்டும்.

ஐபுப்ரோஃபென் கொடுத்து ஆடவைப்பது இந்த மைதானங்களில் சாதாரணமாக நடக்கிறது. பாட்டி தடவும் அமிர்தாஞ்சனமும் இந்த விஷயத்தில் அதே வேலையைத்தான் செய்யும்: வலி அடங்கும், சேதம் தொடரும். வீட்டில் இருக்கும் நாளில் தடவட்டும். தடவிவிட்டு வீச அனுப்பாதீர்கள்.

8. மருத்துவர், காப்பீடு, செலவு

நான் அதிகம் அலைந்தது இங்கேதான். முதலில் உங்கள் காப்பீடு எச்.எம்.ஓ. வகையா, பரிந்துரை இல்லாமலே சிறப்பு மருத்துவரிடம் போகக்கூடிய பி.பி.ஓ. வகையா என்று பாருங்கள். எச்.எம்.ஓ. என்றால் குழந்தை மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சிறப்பு மருத்துவரிடம் போனால் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழும். குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவரையோ, குழந்தைகள் எலும்பியல் மருத்துவரையோ கேட்டு வாங்குங்கள்; வளர்ச்சித் தட்டைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். முதல் சந்திப்புக்குச் சில வாரம் காத்திருக்க நேரலாம். ரத்தாகும் நேரங்களுக்கான காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லி, காலையில் ஒருமுறை தொலைபேசியில் கேட்டால் முன்பே கிடைக்க வாய்ப்புண்டு.

பந்துக் கணக்கு ஏட்டை அங்கே கொண்டுபோங்கள். “எப்போதிலிருந்து வலி, எவ்வளவு வீசுகிறாள்” என்ற கேள்விக்கு நான்கு மாதக் கணக்கை நீட்டினால் பேச்சே மாறிவிடும். பொதுவாக எக்ஸ்-ரே முதலில் எடுப்பார்கள். இரு தோள்களையும் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் காப்பீட்டின் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அனுமதி எண் கைக்கு வராமல் நாள் குறிக்காதீர்கள். அதே எம்.ஆர்.ஐ.க்கு மருத்துவமனையைவிடத் தனி இமேஜிங் மையங்களில் தொகை பெரும்பாலும் மிகக் குறைவு. டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) இன்னும் நிறையாதவர்கள் இரண்டு இடத்திலும் மதிப்பீடு கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். விடுமுறையில் சென்னையில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இங்குள்ள மருத்துவர் அதை ஏற்பாரா என்று முதலில் கேட்டு, ஃபிலிமோடு நிறுத்தாமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கி வாருங்கள்.

ஃபிசியோதெரபிக்கு ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று பல காப்பீடுகள் வரம்பு வைக்கின்றன. ஒவ்வொரு முறைக்கும் நீங்கள் கட்டும் கோ-பே தனி. வாரம் இரண்டு முறை என்று தொடங்கினால் வரம்பு விரைவில் தீரும். சிகிச்சையாளரிடம் இதை முதல் நாளே சொல்லி, வீட்டில் ரப்பர் பட்டையோடு செய்யும் பயிற்சிகளை அதிகமாக வைத்து நேர்ச் சந்திப்புகளை இடைவெளி விட்டு அமைக்கக் கேளுங்கள். உங்கள் காப்பீட்டு ஆண்டு டிசம்பரோடு முடிவதாக இருந்து, டிடக்டிபிள் நிறைந்துவிட்டிருந்தால், ஸ்கேனையும் சிகிச்சையையும் ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். புதிய ஆண்டில் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். லீக் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டை நம்பியிருக்க வேண்டாம். அது பொதுவாக விபத்துக்கானது. உங்கள் சொந்தக் காப்பீடு கொடுத்ததற்குப் பின்னரே வரும், சிறுகச் சிறுக வந்த வலியை விபத்தாக ஏற்கச் செய்வது கடினம்.

வெளியே வரும் முன் மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். “விளையாட வேண்டாம்” என்ற பொத்தாம் பொதுவான வரியை ஏற்காதீர்கள். பிட்சிங், மேல்கை வீச்சு, பேட்டிங், ஓட்டம் என்று நான்கையும் தனித்தனியாக, எதுவரை கூடாது என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வீச்சு மட்டும் தடை என்றால் மகள் அணியோடு பயிற்சிக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். வீட்டில் முடங்கிய குழந்தையைச் சமாளிப்பதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

9. திரும்ப வீசத் தொடங்குதல்

வலி போன மறுநாள் திரும்பும் நாளல்ல. படிப்படியான வீச்சு அட்டவணை ஒன்றை ஃபிசியோதெரபிஸ்ட் தருவார். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பொதுவாகப் பாதித் தொலைவில், பாதி வேகத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது இருபத்தைந்து பந்தோடு தொடங்கும். முதலில் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், பிறகு தொலைவை, கடைசியில் வேகத்தை. ஒரு படியில் வலி வந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். இதற்கு நான்கு முதல் எட்டு வாரம் பிடிப்பது இயல்பு என்பதால், அணிக் கோச்சுக்கு அட்டவணையின் நகலை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். ஆட்டத்துக்குத் திரும்பும்போது ஓர் இன்னிங்ஸ் மட்டும்; ஒரே நாளில் இரண்டாம் ஆட்டம் வீசுவது அட்டவணையின் கடைசி வரியாக இருக்கட்டும். ஏட்டில் வலிப் பத்தி பூஜ்யமாக இருக்கும் வரை மட்டுமே அடுத்த வரிக்குப் போங்கள்.